டைமிங் வைப்பது என்றால் என்ன? பழைய புல்லட்டை வைத்து ஒரு விளக்கம்

புல்லட் வைத்திருக்கும் நான்கு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு எப்படியும் டைமிங்குக்கு வந்துவிடும். "கொஞ்சம் அட்வான்ஸ் வெச்சு விடுங்கண்ணே, பிக்கப் கிடைக்கும்" என்பார் ஒருவர். "ரிடார்டா வெச்சாத்தான் அந்த டப் டப் சத்தம் நிதானமா வரும்" என்பார் அடுத்தவர். இன்னொருவர் வால்வுப் பக்கமிருந்து வரும் டேப்பட் சத்தத்தையும் டைமிங் கணக்கில் சேர்த்துவிடுவார். இப்படிப் பேசுகிறவர்களில் பலர், எதற்கு எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று கேட்டால் கொஞ்சம் தடுமாறுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. இதை யாரும் அடியிலிருந்து சொல்லித் தருவதில்லை. மெக்கானிக் காதை வைத்துச் செய்வார், நாம் பக்கத்தில் நின்று பார்ப்போம், அவ்வளவுதான்.

இங்கே பேசப்போவது பிளக்கில் பொறி விழும் நேரத்தைப் பற்றி மட்டும். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தையும் டைமிங் என்றுதான் சொல்வார்கள். அது பல்சக்கரங்களில் உள்ள குறிகளை ஒன்றுசேர்த்து மாட்டியதோடு முடிந்துபோகிற விஷயம். இன்ஜினைப் பிரித்தால் தவிர அதைத் தொட வேண்டியதில்லை. உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டுடன் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபின், திருவொற்றியூரிலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்த இன்ஜின் அது. நம் ஊரில் பாயிண்ட் (பொறியை எழுப்பும் சுவிட்ச்) வைத்த ஒற்றை சிலிண்டர் வண்டி என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவதும் அதுதான்.

பொறி விழுந்ததும் வெடிக்கிறதா?

இல்லை. குழப்பம் தொடங்கும் இடமே இதுதான்.

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் குண்டு மாதிரி ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. பிளக்கின் நுனியில் சின்னதாக ஒரு தீ பிடிக்கிறது. அது மெல்லப் பெரிதாகி, கலவை முழுவதும் பரவி, அறை நிறைய அழுத்தம் ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. மிகச் சிறிய நேரம்தான், ஒரு செகண்டின் ஆயிரத்தில் சில பங்கு. ஆனால் இன்ஜினும் அதே அளவு வேகத்தில்தான் சுற்றுகிறது. அதனால் அந்தச் சின்ன நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் விட முடியாது.

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார், அவர் இலையில் உட்கார்ந்ததும் சூடான தோசை விழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கல் காய ஐந்து நிமிடம் ஆகும். அவர் உட்கார்ந்த பிறகு அடுப்பைப் பற்றவைத்தால் காத்திருக்க வேண்டியதுதான். அவர் நடந்து வருகிறார் என்றால், தெருமுனையில் தலை தெரியும்போதே பற்றவைப்போம். பைக்கில் வருகிறார் என்றால்? அவர் தெருமுனைக்கு வரும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டது. அவர் இன்னும் தள்ளி, ஊர் எல்லைப் பாலத்தில் இருக்கும்போதே பற்றவைத்தாக வேண்டும். கல் காயும் நேரம் இரண்டு முறையும் ஒன்றுதான். மாறியது, பற்றவைக்கும்போது அவர் எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்பது.

விருந்தாளியின் இடத்தில் பிஸ்டனை வையுங்கள். அடுப்பு பற்றுவது பொறி. இலை என்பது பிஸ்டன் மேலேறி வந்து நின்று திரும்பும் உச்சிப் புள்ளி. பட்டறையில் இதை 'டாப்' என்பார்கள். அழுத்தம் உச்சத்தைத் தொட வேண்டியது பிஸ்டன் டாப்பைச் சற்றே தாண்டி இறங்கத் தொடங்கியதும். பொதுவாக கிராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, பத்துப் பதினைந்து டிகிரி தாண்டியிருக்கும் நேரத்தில். அதற்கு முன்பே உச்சம் வந்தால் மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும். ரொம்பப் பிந்தினால் பிஸ்டன் ஏற்கெனவே கீழே ஓடிப்போயிருக்கும், தள்ளியும் பயனில்லை.

ஆகவே பொறி டாப்புக்கு முன்னாலேயே விழ வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதைத்தான் டைமிங் என்கிறோம். அதை கிராங்க் சுற்றும் டிகிரியிலும் சொல்லலாம், பிஸ்டன் டாப்பை எட்ட இன்னும் எத்தனை மில்லிமீட்டர் பாக்கி என்றும் சொல்லலாம்.

அட்வான்ஸ், ரிடார்டு

பொறி முன்கூட்டியே விழுந்தால் அட்வான்ஸ். தாமதமாக விழுந்தால் ரிடார்டு. இரண்டும் ஒப்பீட்டுச் சொற்கள். டாப்புக்கு 10 டிகிரி முன்னால் விழும் பொறி, 5 டிகிரியில் விழுவதைப் பார்த்தால் அட்வான்ஸ். 30 டிகிரியைப் பார்த்தால் ரிடார்டு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தீ பரவ ஒரு பேச்சுக்கு இரண்டு மில்லி செகண்ட் ஆகிறது என்போம். நிமிடத்துக்கு 900 சுற்று என்ற ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரைத் திருகாத) வேகத்தில் அந்த நேரத்துக்குள் கிராங்க் சுமார் 11 டிகிரி திரும்பும். 3000 சுற்றில் அதே நேரத்தில் 36 டிகிரி திரும்பிவிடும். உண்மையில் வேகம் ஏற ஏற உள்ளே கலவை கலங்கிச் சுழல்வதால் தீயும் வேகமாகப் பரவும். எனவே எண்கள் இவ்வளவு நேராக ஏறாது. ஆனாலும் திசை இதுதான்: வேகம் கூடினால் பொறி முந்த வேண்டும்.

அப்படியானால் ஒரே ஒரு டைமிங்கை வைத்துவிட்டு எல்லா வேகத்திலும் எப்படி ஓட்டுவது? பழைய காலத்து வண்டிகளில் அதற்கு ஹேண்டில்பாரில் ஒரு லீவரே இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் கால பிஎஸ்ஏ எம் 20 என்ற பிரிட்டிஷ் பைக்கில், ஸ்டார்ட் செய்யும்போது லீவரை ரிடார்டில் வைத்து உதைத்து, ஓடத் தொடங்கியதும் அட்வான்சுக்குத் தள்ளுவார்கள். நம் புல்லட்டில் அந்த வேலையை ஆட்டோ அட்வான்ஸ் என்ற சின்ன அமைப்பு செய்கிறது. சுழலும் தண்டில் இரண்டு எடைக்கட்டிகள், அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். வேகம் கூடினால் எடைகள் வெளியே விரிந்து கேமை, அதாவது பொறிக்கான சுவிட்சைத் திறக்கும் மேடுள்ள பகுதியை, சுழலும் திசையிலேயே சற்று முன்னே திருப்பிவிடும், பொறி முந்தும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்ளும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. இன்ஜின் நிற்கும்போது எடைகள் மடங்கியே இருக்கும், அதாவது முழு ரிடார்டு நிலை. நாம் கையால் வைக்கும் டைமிங் அந்த நிலைக்கானது. புல்லட்டுக்கு அந்த அளவு டாப்புக்கு முன் 0.8 மில்லிமீட்டர், பழைய கணக்கில் ஓர் அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு. எம் 20-க்கோ ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் என்று சொல்வார்கள். எண்ணைப் பார்த்து அசந்துபோக வேண்டாம். அது லீவரை முழு அட்வான்சில் வைத்து அளப்பது. ஒரு வண்டியின் அளவைக் கேட்கும்போது எந்த நிலையில் என்றும் சேர்த்துக் கேட்காவிட்டால், கிடைத்த எண் உதவாது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: தீ பரவ நேரம் வேண்டும், அதனால் பொறி டாப்புக்கு முன்பே விழுகிறது. வேகம் கூடினால் இன்னும் முந்த வேண்டும், அதை ஆட்டோ அட்வான்ஸ் பார்த்துக்கொள்கிறது. நாம் வைப்பது அதன் தொடக்கப் புள்ளியை மட்டும்.

பொறியை யார் கொடுக்கிறார்?

பாயிண்ட் என்பது இரண்டு சின்ன உலோகக் குமிழ்கள் தொட்டும் விலகியும் நிற்கும் ஒரு சுவிட்ச். ஒரு குமிழ் அசையாது. மற்றது ஒரு கையில் இருக்கிறது. அந்தக் கையின் குதிகால் போன்ற பகுதி கேமின் மேல் உரசிக்கொண்டே போகும். கேமின் மேடு வந்ததும் கை தூக்கப்பட்டு பாயிண்ட் திறக்கிறது.

பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியிலிருந்து காயில் என்ற கம்பிச்சுருளின் முதல் கம்பிச்சுற்றில் மின்சாரம் ஓடி, உள்ளே காந்தப்புலம் நிறைகிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் மின்சாரம் அறுந்து, காந்தப்புலம் சரிந்து விழுகிறது. அந்தச் சரிவுதான் காயிலின் இரண்டாவது கம்பிச்சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை எழுப்பி, பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. கண்டென்சர் என்ற சின்ன உருளை, பாயிண்ட் திறக்கும்போது அங்கேயே பொறி தெறித்துக் குமிழ்கள் கருகாமலும், மின்சாரம் சட்டென அறுந்துபோகவும் உதவுகிறது.

குமிழ்கள் தொடும்போது பொறி வருகிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். லைட் சுவிட்சு போட்டால்தானே எரியும் என்ற பழக்கம். இங்கே தலைகீழ். திறக்கும் கணமே பொறி. இதை மனதில் ஏற்றிக்கொண்டால் மீதி எல்லாம் எளிது: டைமிங் வைப்பது என்றால், பிஸ்டன் சரியான இடத்தில் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்கும்படி செய்வது.

கேப் முதலில், டைமிங் அப்புறம்

பாயிண்ட் முழுவதும் திறந்திருக்கும்போது இரண்டு குமிழ்களுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் கேப். புல்லட்டுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய தகடுகளை நுழைத்து அளப்பார்கள். தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், திணிக்கக் கூடாது.

பலரும் கேப்பையும் டைமிங்கையும் இரண்டு தனி வேலைகளாக நினைக்கிறார்கள். கேப்பைக் கூட்டினால், கை கேமுக்கு அருகே வந்துவிடுகிறது. மேடு ஏறத் தொடங்கியதுமே பாயிண்ட் திறந்துவிடும். அதாவது டைமிங் அட்வான்ஸ் ஆகிவிட்டது, பாயிண்டும் கேமும் இருக்கும் கூடான டிஸ்ட்ரிபியூட்டரை நீங்கள் தொடவே இல்லை. கேப்பைக் குறைத்தால் ரிடார்டு. டைமிங்கை அழகாக வைத்துவிட்டு, "கேப்பையும் ஒரு தடவை பார்த்துடலாம்" என்று கடைசியில் திருகினால் செய்த வேலை அத்தனையும் போச்சு. பாயிண்டை மட்டும் மாற்றிக் கேப் வைத்துவிட்டு, டைமிங் பார்க்காமல் வண்டியை அனுப்பிவிடும் பட்டறைகளும் உண்டு. சென்னை புதுப்பேட்டையில் தேடிப்பிடித்து நல்ல பாயிண்ட் வாங்கிப் போட்டும் வண்டி முன்பைவிட மோசமாக ஓடுகிறதே என்று தவிப்பவர்கள் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, எப்படி வைப்பது?

இன்ஜின் ஆறியிருக்கட்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பிளக்கைக் கழற்றிவிட்டால் இன்ஜின் இலகுவாகச் சுற்றும். டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கி உருட்டினால் பிஸ்டன் மெதுவாக ஏறி இறங்கும்.

முதலில் கேம் மேட்டின் உச்சியில் கேப்பை வைத்து முடித்துவிடுங்கள். கூடவே கேமை விரலால் சற்று முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம் திரும்பி, விட்டதும் ஸ்பிரிங் இழுப்பில் சட்டெனத் திரும்பி வர வேண்டும். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் ஆட்டோ அட்வான்ஸ் வேலை செய்யவில்லை என்று பொருள். அதைச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் மேற்கொண்டு போவது வீண்வேலை.

அடுத்து கம்ப்ரஷன் ஸ்ட்ரோக், அதாவது இரண்டு வால்வும் மூடி, கலவையை அழுத்திக்கொண்டு பிஸ்டன் மேலேறும் சுற்று. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் இரண்டு முறை டாப்புக்கு வரும். அதில் ஒன்றில்தான் எரிதல். பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு சக்கரத்தை உருட்டுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அதுதான் கம்ப்ரஷன். புல்லட்டில் பாயிண்ட் கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் மற்ற டாப்பில் பாயிண்ட் திறக்காது. பழைய ஜாவா, எஸ்டி போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்தத் தொல்லையே இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் பொறி உண்டு.

இனி டாப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். எளிதாகத் தெரியும், ஆனால் பிசகுவது இங்கேதான். பலர் சைக்கிள் போக்ஸ் கம்பியைப் பிளக் துளை வழியே விட்டு, கம்பி ஏறுவது நிற்கும் இடத்தை டாப் என்று எடுத்துக்கொள்கிறார்கள். டாப்பை ஒட்டிய கடைசி 5 டிகிரியில் பிஸ்டன் ஏறுவது சுமார் 0.2 மில்லிமீட்டர் மட்டுமே. கண்ணுக்கு அது நின்றது போலவே தெரியும். அதோடு துளை சாய்வாக இருப்பதால் கம்பி காட்டும் அளவும் நேரான அளவு அல்ல. கம்பி சிக்கிக்கொண்டால் பிஸ்டன் தலையிலும் கீறல் விழும். கிராங்க் நுனியில் டிகிரி வட்டு மாட்டி, டாப்புக்கு முன்னும் பின்னும் பிஸ்டன் ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் நடுவை டாப் என்று எடுப்பது நம்பகமான வழி. புல்லட்டின் ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், 0.8 என்பது அங்கே ஏறக்குறைய 9, 10 டிகிரிக்குச் சமம்.

டாப் கிடைத்ததும் நன்றாகப் பின்னே போய், இன்ஜின் ஓடும் திசையிலேயே திரும்ப வந்து டாப்புக்கு 0.8 மில்லிமீட்டர் முன் உள்ள புள்ளியில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் லேசாகப் பின்னே இழுத்துச் சரிசெய்யக் கூடாது, மறுபடியும் தள்ளிப்போய் வர வேண்டும். பல்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் ஆட்டம் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால்தான் அளவு உண்மையாக இருக்கும்.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி, பாயிண்ட் திறக்கத் தொடங்கும் இடம் வரை அதைத் திருப்புங்கள். கேம் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிடார்டு. திறக்கும் கணத்தை எப்படிப் பார்ப்பது? குமிழ்களுக்கு நடுவே சிகரெட் தாள் வைத்து லேசாக இழுத்தபடி இருப்பது பழைய முறை. தாள் விடுபட்டதும் திறந்தது. பாயிண்ட் முனைக்கும் வண்டியின் உலோக உடம்புக்கும் இடையே ஒரு சின்ன பல்பை மாட்டி, சாவியைப் போட்டால் இன்னும் துல்லியம். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது, திறந்ததும் எரியும். பல்பு கிடைக்காவிட்டாலும் புல்லட்டின் ஹெட்லைட் மேலேயே ஆம்பியர் மீட்டர் இருக்கிறது. விளக்குகளை அணைத்துச் சாவியைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். திறந்ததும் நடுவுக்கு வரும். கிக்கரை உதைக்கும் முன் முள்ளைப் பார்த்துப் பிஸ்டனின் இடத்தை அறியும் பழக்கமும் இதை வைத்துத்தான். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை நீண்ட நேரம் போட்டு வைக்காதீர்கள், காயில் சூடாகும்.

நட்டை முடுக்கியதும் ஒருமுறை சுற்றிவந்து மறுபடி பாருங்கள். முடுக்கும்போதே டிஸ்ட்ரிபியூட்டர் கொஞ்சம் நகர்ந்துவிடுவது வழக்கம்.

சுருக்கம்: கேப், ஆட்டோ அட்வான்ஸ் சோதனை, கம்ப்ரஷன், டாப், 0.8, திறக்கும் கணம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தப்பாக இருந்தால் வண்டி என்ன சொல்லும்?

அதிக அட்வான்ஸ் என்றால் முதலில் காலுக்குத்தான் தெரியும். கிக்கரால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, பிஸ்டன் டாப்பை எட்டும் முன்பே அழுத்தம் ஏறி அதைப் பின்னோக்கி அடிக்கிறது. கிக்கர் கணுக்காலைத் திருப்பி அடிக்கும். ஏற்றத்தில் டாப் கியரிலேயே ஆக்ஸிலேட்டரைத் திருகினால் உலோகத்தில் தட்டுவது போல 'டிங் டிங்' என்று கேட்கும். தீ ஒழுங்காகப் பரவும் முன், மிச்சக் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானே பற்றிக்கொள்ளும் சத்தம் அது, பெயர் நாக்கிங். தொடர்ந்து அப்படி ஓட்டினால் பிஸ்டனே போய்விடும். "அட்வான்ஸ் வைத்தால் பிக்கப்" என்பதில் உள்ள உண்மை இவ்வளவுதான்: ரிடார்டாக இருந்த வண்டியைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தால் பிக்கப் வரும். அதைத் தாண்டிப் போனால் குறையத் தொடங்கும்.

ரிடார்டு என்றால் வண்டி சோம்பல்படும், பெட்ரோல் குடிக்கும். எரிதல் முடியும் முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடுவதால் சூடு வெளியே போய், இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப் நீலம் பாய்ந்துவிடும். சைலன்சரில் டப்பென்று வெடிக்கவும் செய்யும். ஆனால் எக்ஸாஸ்ட் இணைப்பில் காற்றுக் கசிந்தாலும் அதே சத்தம் வருமாதலால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

நிதானமான சத்தத்துக்காக ரிடார்டு வைத்து ஐடிலிங்கையும் குறைப்பது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத பழக்கம். எண்ணெய் பம்பு சுற்றுவதும் இன்ஜினின் வேகத்தில்தான். அந்தச் சங்கீதம் கேட்கும் நேரமெல்லாம் மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கர்களுக்குப் போகும் எண்ணெயும் மெதுவாகிக்கொண்டிருக்கிறது.

வைத்தது அப்படியே நிற்குமா?

நிற்காது. கேமில் உரசும் குதிகால் தேயத் தேயக் கேப் குறையும், கூடவே டைமிங் மெல்ல ரிடார்டு பக்கம் நகரும். புது பாயிண்டில் இந்தத் தேய்மானம் தொடக்கத்தில் வேகமாக இருக்கும். அதனால் மாற்றிய பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கேப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கேமில் துளி கிரீஸ் தடவினால் தேய்வது குறையும். அதிகம் அப்பினால் அது தெறித்துக் குமிழ்களில் படிந்து, பொறியே வராமல் போகும்.